மிச்சக் குறிப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள்: நாளிதழிலிருந்து தொலைக்காட்சிக்கு, அங்கிருந்து புத்தகத்துக்கு

ஒரு நாள் முழுக்க அலைந்து இருபது பக்கம் குறிப்பெடுத்திருப்பீர்கள். மறுநாள் அச்சில் வருவது இருநூற்றைம்பது சொல். மீதியெல்லாம் எங்கே போகிறது? பெரும்பாலான நிருபர்களுக்கு மேசை இழுப்பறைக்குப் போகிறது. பிறகொரு நாள் பழைய தாள்களோடு எடைக்குப் போகிறது. என்னுடைய முதல் ஒன்றரை ஆண்டுக் குறிப்பேடுகளும் அந்த வழியில்தான் போயின. அவற்றில் ஒரு புத்தகத்தின் பாதி இருந்தது என்பது பத்து ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

நாளிதழில் பத்து ஆண்டு, தொலைக்காட்சியில் தயாரிப்பாளராக ஒன்பது ஆண்டு, அதன்பின் இரண்டு அபுனைவு (கற்பனை கலக்காத) நூல்கள் என்று என் வேலை நகர்ந்தது. இத்துறைக்கு வரும் இளையவர்கள் இவற்றை மூன்று தனித்தனி வேலைகளாகப் பார்க்கிறார்கள். ஒன்றில் சலித்தால் அடுத்ததற்குத் தாவலாம் என்று நினைக்கிறார்கள். என் கணக்கு வேறு. நாளிதழில் இடமில்லாமல் விட்டுப்போனதைத் தொலைக்காட்சி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அங்கே நேரமில்லாமல் விட்டுப்போனதில்தான் புத்தகம் கிடக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் மிச்சத்தை எப்படிச் சேர்ப்பது, எப்படிக் காப்பது, எப்போது எடுத்துப் பயன்படுத்துவது என்பதைப் பற்றியதுதான்.

முதல் படி: நாளிதழில் தொடங்குங்கள், ஒரே பீட்டில் (செய்தித் துறையில்) நில்லுங்கள்

எங்கே தொடங்குவது என்று கேட்டால் தயங்காமல் நாளிதழ் என்பேன். அங்கே தவறு செய்தால் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும். புத்தகத்தில் செய்யும் தவறு தெரியவர மூன்று ஆண்டு ஆகலாம். கற்றுக்கொள்பவருக்குச் சீக்கிரம் அடி விழுவது நல்லது.

முடிந்தால் முதல் ஆறு மாதம் டெஸ்க்கில், அதாவது வரும் செய்திகளைத் திருத்தும் மேசையில், உட்காருங்கள். அடுத்தவர் எழுதிய செய்தியை வெட்டும்போதுதான் தன் எழுத்தில் எது கொழுப்பு என்று புரியும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். டெஸ்க்கில் ஒரு மாதம் இருந்தால், வரும் செய்திகளில் பாதிக்கு "ஏன்" இருக்காது என்பதைப் பார்ப்பீர்கள். முக்கியமானதை மேலே வைத்து, குறைந்ததைக் கீழே தள்ளும் தலைகீழ்ப் பிரமிட் அமைப்பையும் அங்கேதான் கை பழகும். இடம் போதாவிட்டால் கீழேயிருந்து வெட்ட வசதியான அமைப்பு அது. புத்தகம் எழுதும்போது இதை மறக்க வேண்டியிருக்கும். மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, ஒரு பீட். நீதிமன்றமோ மருத்துவமோ கல்வியோ நீர்ப்பாசனமோ, எதுவானாலும் குறைந்தது மூன்று ஆண்டு அதிலேயே இருங்கள். முதல் மூன்று மாதம் செய்தி தேடிப் போகாதீர்கள். கோப்பு அடுக்குபவர், பதிவறைக் காப்பாளர், ஓய்வு பெற்ற எழுத்தர், தட்டச்சர் ஆகியோரைப் பார்த்து, அந்த அலுவலகத்தில் ஒரு தாள் எந்த மேசையில் பிறந்து எந்த மேசையில் சாகிறது என்று கேளுங்கள். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். தாளின் பாதை அவ்வளவு சுலபமாக மாறாது.

அமெரிக்க வாழ்க்கை வரலாற்றாசிரியர் ராபர்ட் கேரோ முதலில் நியூஸ்டே நாளிதழில் நிருபராக இருந்தவர். அங்கே ஒருமுறை கட்டுக்கட்டாகக் கோப்புகளைப் படித்துக் குறிப்பெழுதிக் கொடுத்தபோது, ஆலன் ஹாத்வே என்ற ஆசிரியர் அவரைப் புலனாய்வுப் பணிக்கு மாற்றினார். ஒரே ஒரு அறிவுரையும் சொன்னார்: எதையும் ஊகிக்காதே, ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டு. நடுவில் ஒரு கெட்ட வார்த்தையும் உண்டு, அதை விட்டுவிடுகிறேன். கேரோ இன்றுவரை அதை மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்.

பேட்டி தொடங்குவதற்கு முன்பே விதிகளைப் பேசிக்கொள்ளுங்கள். பெயரோடு வெளியிடலாமா, பெயரில்லாமல் தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா, எதுவுமே வெளியிடாமல் உங்கள் புரிதலுக்கு மட்டுமா? இந்த மூன்றுக்கும் நடுவிலான கோடு ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது. பேசி முடித்தபின் "அதை மட்டும் போடாதீர்கள்" என்று சொல்பவரோடு வாதாடி எந்தப் பயனும் இல்லை. யார்மீதாவது குற்றச்சாட்டு எழுதுகிறீர்கள் என்றால், அவரிடம் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியாகச் சொல்லிப் பதில் கேளுங்கள். இரவு ஒன்பதரைக்குத் தொலைபேசியில் அழைத்துவிட்டு "கருத்துக் கூற மறுத்தார்" என்று எழுதுவது சோம்பேறித்தனம். அழைத்த நேரம், சொன்ன பதில், சொல்லாத பதில் மூன்றையும் குறித்துவையுங்கள். பின்னாளில் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.

பெயர், வயது, ஊர். இந்த மூன்றில் தவறு வந்தால் மற்றதெல்லாம் எவ்வளவு சரியாக இருந்தாலும் வீண். ஒரு விபத்துச் செய்தியில் இறந்தவரின் தகப்பன் பெயரை மாற்றி எழுதிவிட்டேன். மறுநாள் அவர் மகள் தொலைபேசியில் அழைத்தார். திட்டவில்லை. "எங்கள் தாத்தா பெயரைச் சரியாகப் போட்டு இன்னொரு முறை வெளியிடுவீர்களா? அப்பா படம் வந்த ஒரே பேப்பர் இதுதான்" என்றார். அன்றிலிருந்து பெயரை எழுதி, அவர்களிடமே காட்டி, தலையசைத்த பிறகுதான் குறிப்பேட்டை மூடுகிறேன்.

இரண்டாம் படி: குறிப்பேட்டை எப்படி வைத்துக்கொள்வது

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே பயனுள்ள பகுதி. மற்றதைத் தாவிவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

குறிப்பேடுகளுக்குத் தொடர் எண் போடுங்கள். பக்கங்களுக்கும் எண். ஒவ்வொரு சந்திப்பின் தலைப்பிலும் நாள், மாதம், ஆண்டு, இடம், உடனிருந்தவர்கள் ஆகியவை வேண்டும். ஆண்டையா எழுதச் சொல்கிறீர்கள் என்று சிரிக்காதீர்கள். என் முதல் நூலுக்காகப் பழைய குறிப்பேடுகளைப் பிரித்தபோது, மிக முக்கியமான ஒரு பேட்டியின் மேல் "மார்ச் 12, செவ்வாய்" என்று மட்டும் இருந்தது. நாட்காட்டியைப் பார்த்தேன். 1996இலும் மார்ச் 12 செவ்வாய், 2002இலும் செவ்வாய். இரண்டு ஆண்டுகளிலும் நான் அதே பீட்டில், அதே மனிதரை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டியில் அவர் தன் மகனின் பள்ளி இறுதித் தேர்வைப் பற்றிப் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியை வைத்துத்தான் எந்த ஆண்டு என்று கண்டுபிடித்தேன். அதற்கு நான்கு நாள் ஆயிற்று.

வலப்பக்கத்தில் கேட்டதை எழுதுங்கள். இடப்பக்கத்தைப் பார்த்ததற்கு ஒதுக்குங்கள். சுவரில் தொங்கிய படம், மேசைமேல் இருந்த மாத்திரைப் பட்டை, பேசும்போது அவர் மூடிய கதவு. நாளைய செய்திக்கு இவை எதுவும் தேவைப்படாது. ஆனால் எட்டு ஆண்டு கழித்து அந்த அறையை எழுத உட்காரும்போது, நினைவிலிருந்து எழுதினால் அது கற்பனை. இடப்பக்கத்திலிருந்து எழுதினால் அபுனைவு.

அவர் சொன்ன அதே சொற்களுக்கு மட்டும் மேற்கோள் குறி போடுங்கள். சாரமாக எழுதியதற்குக் குறி வேண்டாம். உங்கள் சொந்த எண்ணத்தைச் சதுரக் கட்டத்துக்குள் அடையுங்கள். இந்த மூன்றும் கலந்துவிட்டால், ஆண்டுகள் கழித்து யார் சொன்னது எது என்று உங்களாலேயே பிரிக்க முடியாது. ஒலிப்பதிவு செய்தாலும் குறிப்பெடுப்பதை நிறுத்தாதீர்கள். பதிவுக் கருவி கதவு மூடப்பட்டதைச் சொல்லாது.

செய்தி அச்சானதும் பத்து நிமிடம் ஒதுக்கி, செய்தியில் வராமல்போன மூன்று விஷயங்களை ஒரு தனிக் கோப்பில் எழுதுங்கள். அதற்கு "விட்டுப்போனவை" என்று பெயர் வைத்திருக்கிறேன். பதில் கிடைக்காத கேள்வி, பொருந்தாத எண், பேச மறுத்தவர் பெயர் ஆகியவை அதில் சேரும். கணினியில் சேமிக்கும் ஆவணங்களின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். ரகசியமாகப் பேசியவர்களின் பெயர்களை மட்டும் வேறிடத்தில், வேறு அடையாளத்தோடு வையுங்கள். உங்கள் பை தொலைந்தால் அடுத்தவர் வேலை போகக்கூடாது.

மூன்றாம் படி: ஒரு முறையாவது நீளமாக எழுதிப் பாருங்கள்

இருநூற்றைம்பது சொல்லிலிருந்து நேராகப் புத்தகத்துக்குப் போக முடியாது. நடுவில் தொடர்கட்டுரையோ நீண்ட கட்டுரையோ ஒன்று வேண்டும்.

1955 பிப்ரவரியில் கொலம்பியக் கடற்படைக் கப்பல் ஒன்றிலிருந்து எட்டு மாலுமிகள் கடலில் விழுந்தார்கள். ஒருவர் மட்டும் பத்து நாள் தெப்பத்தில் மிதந்து கரை சேர்ந்தார். நாடே அவரைக் கொண்டாடியது, பேட்டிகள் வந்தன, விளம்பரங்கள் வந்தன. கதை தீர்ந்துபோன பிறகுதான் அவர் எல் எஸ்பெக்தாதோர் நாளிதழின் வாசலுக்கு வந்தார். வேண்டாவெறுப்பாகத்தான் ஓர் இளம் நிருபர் அவரோடு உட்கார்ந்தார். இருபது அமர்வுகள், ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம். அந்தப் புயலைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள் என்று கேட்டபோது மாலுமி சிரித்துக்கொண்டே சொன்னார்: புயலே வரவில்லையே! மேல்தளத்தில் கட்டி வைத்திருந்த கடத்தல் சரக்கு, குளிர்சாதனப் பெட்டிகளும் சலவை இயந்திரங்களும், அலையில் அவிழ்ந்து மாலுமிகளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கடற்படைக் கப்பலில் சரக்கு ஏற்றவே கூடாது. பதினான்கு பகுதிகளாக வெளிவந்த அந்தத் தொடரை எழுதிய நிருபர், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற கப்ரியேல் கார்சியா மார்க்கேஸ். 1970இல் அது புத்தகமானது.

எல்லாரும் பேட்டி எடுத்து முடித்த மனிதரிடம், எல்லாரும் கேட்டதையே மெதுவாகக் கேட்டதில் கிடைத்தது அது. புதியவர்கள் எப்போதும் யாரும் தொடாத கதையைத் தேடுகிறார்கள். எல்லாரும் தொட்டுவிட்டுப் போன கதையில் கிடைக்கும் மிச்சம் பல நேரம் அதைவிடப் பெரியது.

ஒரு நீண்ட கட்டுரைக்கு எத்தனை பாத்திரங்கள் தாங்கும் என்பதையும் இந்தக் கட்டத்தில்தான் கற்றுக்கொள்வீர்கள். ஹிரோஷிமா குண்டுவீச்சைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சி 1946இல் எழுதியபோது, ஒரு நகரத்தின் அழிவை ஆறு பேர் வழியாக மட்டும் சொன்னார். நான்கு பகுதித் தொடராகத் திட்டமிட்டதை நியூயார்க்கர் இதழ் ஆகஸ்ட் 31 இதழில் முழுவதுமாக வெளியிட்டது. அந்த இதழில் வேறு கட்டுரையே இல்லை. சுமார் 31,000 சொல்லுக்கு ஆறு பேர். என் முதல் நீண்ட கட்டுரையில் 4,000 சொல்லுக்குள் பத்தொன்பது பேரைத் திணித்திருந்தேன். திருமண வரவேற்பு வரிசைபோல ஒவ்வொருவராக வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

நான்காம் படி: தொலைக்காட்சித் தயாரிப்பு

திரையில் தெரிபவர் தயாரிப்பாளர் இல்லை. எந்தக் கதை, யார் பேசுவார், எப்போது, எங்கே, எத்தனை காமிரா, எவ்வளவு செலவு, எந்த வரிசை, எத்தனை நொடி என்பதையெல்லாம் முடிவு செய்து, கடைசியில் தவறு நேர்ந்தால் திட்டு வாங்குபவர் அவர்தான். பெயர் வேண்டுமானால் நாளிதழிலேயே இருங்கள். அங்கே பைலைனாவது, அதாவது செய்தியோடு உங்கள் பெயராவது, கிடைக்கும்.

நாளிதழ்க்காரர் முதலில் படும் அடி சொல் எண்ணிக்கையில். ஒன்றரை நிமிடப் பேக்கேஜ் (படம், குரல், பேட்டி சேர்த்துத் தொகுத்த செய்தி) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நொடி வீதம் இரண்டு பைட் (பேட்டித் துண்டு), நிருபர் காமிராவைப் பார்த்துப் பேசும் பதினைந்து நொடி. இவற்றைக் கழித்தால் குரலுக்கு மிஞ்சுவது ஐம்பத்தொரு நொடி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அதற்குள் சுமார் நூறு சொல்தான் நிதானமாக வாசிக்க முடியும். எழுதியதை வாய்விட்டுப் படித்து, நொடிமுள்ளைப் பார்த்து வெட்டுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் முடிய வேண்டும். காதுக்கு எழுதப்படுவதால், எழுவாய் ஒரு மூலையிலும் பயனிலை மறுமூலையிலும் இருக்கும் நீண்ட வாக்கியம் செல்லாது. படம் காட்டுவதைக் குரல் திரும்பச் சொல்லக்கூடாது. வெள்ளம் திரையில் தெரியும்போது "வெள்ளம் பெருக்கெடுத்து ஓடுகிறது" என்று எதற்கு? அணையைத் திறந்தது யார், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்.

படப்பிடிப்பில் பழக வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு காட்சியையும் காமிராவை அசைக்காமல் குறைந்தது பத்து நொடி பிடிக்கச் சொல்லுங்கள், படத்தொகுப்பாளர் வாழ்த்துவார். தூரக் காட்சி, நடுக் காட்சி, நெருக்கக் காட்சி மூன்றும் ஒவ்வோர் இடத்திலும் வேண்டும். பேட்டி தருபவரிடம், கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லுமாறு கேட்டுக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் "ஆமாம், அப்போதுதான்" என்று தொடங்கும் பதிலைத் தனியே வெட்டிப் பயன்படுத்த முடியாது. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த அறையின் ஒலியை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். இரண்டு வெட்டுகளுக்கு நடுவே ஒலி குழி விழாமல் அது அடைத்துக்கொள்ளும். அவர் கை, அவர் பார்க்கும் சன்னல், அவர் வைத்திருக்கும் பழைய கடிதம் ஆகியவற்றைத் தனியாக எடுங்கள். அன்றிரவே பதிவுகளை இரண்டு வட்டுகளில் ஏற்றுங்கள், இரண்டும் ஒரே பையில் பயணிக்கக்கூடாது.

இதையெல்லாம் நான் புத்தி வந்த பிறகு சொல்கிறேன். எண்பது வயதைக் கடந்த ஒருவரோடு இரண்டு மணி நேரப் பேட்டி. அவர் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார், நடுவில் அழுதார். காமிராவில் படம் கண்ணாடிபோல வந்திருந்தது. சட்டையில் மாட்டிய மைக்கின் பேட்டரி பதினைந்தாவது நிமிடத்தில் செத்திருந்தது. ஒலியை ஹெட்போனில் தொடர்ந்து கேட்கச் சொல்லி யாரையும் நான் நிறுத்தவில்லை. திரும்பப் போய்க் கேட்டபோது அவர் மரியாதையாக மறுத்துவிட்டார். ஆனால் பழைய நாளிதழ்ப் பழக்கத்தில் மடியில் குறிப்பேடு வைத்திருந்தேன். நிகழ்ச்சிக்கு அது உதவவில்லை. ஆறு ஆண்டு கழித்து, அவர் குடும்பத்தின் சம்மதத்தோடு, என் முதல் நூலின் மூன்றாம் அத்தியாயம் அதிலிருந்துதான் வந்தது.

தயாரிப்பாளருக்கு நிருபரைவிடச் சட்ட அறிவு அதிகம் வேண்டும். லோவெல் பெர்க்மன் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் சிக்ஸ்டி மினிட்ஸ் என்ற செய்தி நிகழ்ச்சியின் தயாரிப்பாளராக இருந்தவர். 1995இல், ஒரு பெரிய சிகரெட் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் துணைத் தலைவராக இருந்த ஜெஃப்ரி வைகாண்டைப் பேச வைத்தார். வைகாண்ட் தன் பழைய நிறுவனத்தோடு ரகசியக் காப்பு ஒப்பந்தம் செய்திருந்தார். அதை மீறத் தூண்டியதாக நிறுவனம் தங்கள்மேல் வழக்குப் போடக்கூடும் என்று தொலைக்காட்சியின் வழக்கறிஞர்கள் அஞ்சினார்கள். செய்தி உண்மையா என்ற கேள்வியே அங்கே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். நவம்பரில் பேட்டி இல்லாமலே நிகழ்ச்சி ஒளிபரப்பானது. வைகாண்ட் நீதிமன்ற நடைமுறையில் அளித்த வாக்குமூலத்தை வால்ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் வெளியிட்ட பிறகு, 1996 பிப்ரவரி 4 அன்றுதான் முழுப் பேட்டி வெளிவந்தது. ஆகவே, ஒருவரைக் காமிரா முன் உட்கார வைப்பதற்கு முன்பே அவர் எந்தத் தாளில் கையெழுத்திட்டிருக்கிறார் என்று கேட்டுவிடுங்கள். படம்பிடிக்கச் சம்மதக் கடிதம், பழைய ஒளிப்படங்களின் உரிமை, பின்னணி இசையின் உரிமை ஆகியவற்றையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

புத்தகத்துக்குத் தொலைக்காட்சி தருவது இரண்டு. ஒன்று, காட்சி காட்சியாக யோசிப்பது. பேட்டிகளின் எழுத்துப் படியை வெட்டித் தரையில் பரப்பி வரிசையை மாற்றி மாற்றிப் பார்க்கும் பழக்கம், அத்தியாயம் அமைக்கும்போது அப்படியே உதவும். இரண்டு, பணமும் நாட்காட்டியும். யாரை எப்போது பார்ப்பது, பயணச் செலவு எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரியாத நல்ல நிருபர்கள் பலர் புத்தகத்தைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். தொலைக்காட்சியில் இருக்கும்போது வாழ்க்கைச் செலவை நாளிதழ்ச் சம்பளத்தின் அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று எனக்கொரு மூத்தவர் சொன்னார். அரைகுறையாகத்தான் கேட்டேன். முழுதாகக் கேட்டிருந்தால் முதல் நூலுக்கு இன்னும் ஆறு மாதம் கிடைத்திருக்கும்.

ஐந்தாம் படி: புத்தகம்

"விட்டுப்போனவை" கோப்பைத் திறந்து முழுக்கப் படியுங்கள். ஒரே பெயர், ஒரே இடம், ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதா? அங்கே ஒரு நூல் இருக்கலாம். கட்டுரையா புத்தகமா என்று சோதிக்க எனக்குத் தெரிந்த வழி, நண்பரிடம் பத்து நிமிடத்தில் சொல்லிப் பார்ப்பது. அவர் "அப்படியா" என்றால் கட்டுரை. "அப்புறம்?" என்று நான்கு முறை கேட்டால் புத்தகம்.

ஆராய்ச்சியில் இறங்குவதற்கு முன் ஒப்பந்தம், அனுமதி தொடர்பான வேலைகளை முடித்துவிடுங்கள். நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்தபோது எழுதியவற்றின் பதிப்புரிமை நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படித்து, தேவையான அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். படம்பிடித்தபின் வெட்டி ஒதுக்கிய பேட்டிகளுக்கும் இது பொருந்தும். பேட்டி கொடுத்தவர் தொலைக்காட்சிக்குத் தந்த சம்மதம் புத்தகத்துக்குத் தந்ததாகாது, திரும்பக் கேளுங்கள்.

பதிப்பாளருக்கு முழு நூலையும் அனுப்பத் தேவையில்லை. அபுனைவுக்கு முன்மொழிவு போதும்: நூல் எதைப் பற்றியது, ஏன் இப்போது, ஏன் நீங்கள், அத்தியாயச் சுருக்கம், ஏற்கெனவே வந்த நூல்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது, மாதிரிக்கு ஓர் அத்தியாயம். மாதிரி அத்தியாயம் முதல் அத்தியாயமாக இருக்க வேண்டியதில்லை; கையில் பலமாக இருப்பதை அனுப்புங்கள். முன்பணம் தந்தால், அது கையெழுத்தின்போது கொஞ்சம், பிரதி ஒப்படைத்ததும் கொஞ்சம், வெளியானதும் மீதி என்று பிரிந்துதான் வரும். நூல் விற்று ராயல்டியில் அந்தத் தொகை கழிந்த பிறகே மேற்கொண்டு எதுவும் கிடைக்கும். வழக்கு வந்தால் செலவு யாருடையது என்ற பிரிவை இரண்டு முறை படியுங்கள்.

காலத்தை நீங்கள் குறைத்துத்தான் கணிப்பீர்கள். கேரோ தன் முதல் நூலை ஓராண்டுக்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஏழு ஆண்டு ஆயிற்று, 522 பேட்டிகள் எடுத்தார், கையில் பணம் தீர்ந்து, மனைவி ஐனா வீட்டை விற்றார். 1974இல் நூல் வெளிவந்தது. உங்களுக்கு வீடு இல்லையென்றால் வேலையை விடாமல் எழுதுவதை முதலில் யோசியுங்கள். 80,000 சொல் நூலுக்கு நாள் ஒன்றுக்கு 500 சொல் என்றால் 160 நாள். வாரம் ஐந்து நாள் எழுதினால் முப்பத்திரண்டு வாரம், அதுவும் முதல் வரைவு மட்டும்.

எழுதத் தொடங்குவதற்கு முன் காலவரிசைக் கோப்பு ஒன்றைத் தயாரியுங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி, நாள், நேரம், அதற்கான ஆதாரம், குறிப்பேட்டு எண், பக்க எண். அலுப்பான வேலைதான். ஆனால் ஒரே நாளில் இரண்டு இடத்தில் நடந்தவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, யாரும் சொல்லாத தொடர்பு தானாகக் கண்ணில் படும். என் இரண்டாம் நூலின் மையமே, ஒரு கூட்டம் முடிந்த நேரத்துக்கும் ஒரு கடிதம் கையெழுத்தான நேரத்துக்கும் நடுவில் நாற்பது நிமிடம்தான் இருந்தது என்பதிலிருந்து வந்தது.

அமைப்பு தவறென்று பாதியில் தெரிந்தால் கலைத்துவிடுங்கள். மறுபடியும் மார்க்கேஸ். 1992இல் கொலம்பியாவில் ஒரு தொலைக்காட்சிச் செய்தி நிகழ்ச்சியின் பங்குதாரராக இருந்த அவர், அடுத்த ஆண்டு ஓர் ஆள்கடத்தலைப் பற்றி எழுத உட்கார்ந்தார். போதைப்பொருள் கும்பல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரின் ஆட்கள் 1990இல் கடத்திய மாருஜா பச்சோனின் கதை அது. முதல் வரைவு கணிசமாக முன்னேறிய பிறகு, அதே காலத்தில் கடத்தப்பட்ட மற்ற ஒன்பது பேரிடமிருந்து அவர் கதையைப் பிரிக்கவே முடியாது என்று புரிந்தது. தனித்தனியாகப் பத்துக் கடத்தல்கள் நடக்கவில்லை. பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து நடத்திய ஒரே கடத்தல் அது. எழுதியதைக் கலைத்து மறுபடி கட்டினார். ஏறத்தாழ மூன்று ஆண்டு உழைப்புக்குப் பின் 1996இல் நூல் வந்தது. கடத்தப்பட்டவர்களில் ஒருவரான தியானா துர்பாய் தொலைக்காட்சிச் செய்தியும் பத்திரிகையும் நடத்தியவர். பேட்டிக்கு என்று நம்ப வைத்து அழைத்துப் போனார்கள், உயிரோடு திரும்பவில்லை. இந்தத் தொழிலின் ஆபத்தைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுத நினைத்தேன், அதற்குமேல் நான் சொல்வதற்கு எதுவும் இல்லை.

நாளிதழில் டெஸ்க் சரிபார்க்கும், தொலைக்காட்சியில் ஐந்தாறு பேர் பார்ப்பார்கள். புத்தகத்தில் பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான். கைப்பிரதியை அகலமான ஓரம் விட்டு அச்செடுங்கள். ஒவ்வொரு பெயர், எண், நாள், மேற்கோளின்மேலும் ஆதாரத்தை நேரில் பார்த்தபின் பென்சிலால் கோடு போடுங்கள். நினைவிலிருந்து கோடு போடக்கூடாது. கோடு விழாததை நீக்குங்கள், அது எவ்வளவு அழகான வாக்கியமாக இருந்தாலும். பிறகு, நூலில் கடுமையாக வரும் ஒவ்வொருவருக்கும் மறுபடி கடிதம் எழுதிப் பதில் கேளுங்கள். அவர்கள் பதிலால் என் நூலில் இரண்டு முறை உண்மையே திருந்தியிருக்கிறது. வழக்கறிஞர் வாசிப்பு அதன்பின். பொருளடைவு (நூலின் கடைசியில் பக்க எண்ணோடு வரும் பெயர், சொல் பட்டியல்) தயாரிப்பதை வேறு யாரிடமும் விடாதீர்கள். ஒரே ஆளை மூன்று எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பது அப்போதுதான் பிடிபடும்.

தனிமையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. செய்தி அறையின் கூச்சலிலும், பிசிஆரின் (ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறையின்) பதற்றத்திலும் இருந்துவிட்டு, ஒரு மேசை முன் எட்டு மாதம் உட்காருவது முதல் சில வாரங்களுக்குத் தண்டனைபோல இருக்கும். வாரம் ஒருமுறை, அதே நாள், அதே நேரம், வேறு யாராவது ஒரு எழுத்தாளரைப் பார்த்து எத்தனை சொல் எழுதினீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அது உதவியது.

ஆறாம் படி: நூல் வந்த பிறகு

இந்த வரிசையைப் பின்னோக்கியும் நடக்கலாம். நூல் எழுதிவிட்டு ஆவணப்படம் தயாரிக்கப் போனவர்கள் உண்டு, நாளிதழுக்கே திரும்பியவர்களும் உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

நூல் கையில் வந்த அன்றே "திருத்தங்கள்" என்று ஒரு கோப்பைத் திறங்கள். வாசகர் சொல்லும் ஒவ்வொரு பிழையையும் நாளோடு, சொன்னவர் பெயரோடு, பக்க எண்ணோடு அதில் எழுதுங்கள். எரிச்சலோடு சொல்பவரும் பல நேரம் சரியாகவே சொல்வார். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும்போது பதிப்பாளர் இரண்டு வாரம்கூட அவகாசம் தரமாட்டார். கோப்பு தயாராக இருந்தால் அன்றே அனுப்பிவிடலாம். என் முதல் நூலுக்குப் பதினான்கு திருத்தங்கள் சேர்ந்தன. இரண்டாம் பதிப்பில் பதின்மூன்றைச் சரிசெய்துவிட்டேன். பதினான்காவது, ஒரு பாலம் எந்த மாதத்தில் இடிந்தது என்பதைப் பற்றியது. கடிதம் எழுதியவர் ஒரு மாதம் சொல்கிறார், என் குறிப்பேடு வேறொன்று சொல்கிறது. அந்த இரவு அங்கே காவலுக்கு இருந்த இருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.